பிரசாதம் என்று நான் நீட்டிய பெட்டி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பள்ளி விடுமுறையில் ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிழக்கு லண்டனில் நாங்கள் குடியிருந்த மனோர் பார்க்கிலிருந்து நகரத்தின் ஓரத்தில் இருந்த ஓர் அமெரிக்கப் பாணித் தீம் பார்க்குக்குப் போனேன்.

மனைவிக்கு விரதம். அங்கே சிப்ஸைக்கூட மீன் பொரித்த எண்ணெயில்தான் பொரிப்பார்கள் என்று போய் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் அவளுக்கு ஒரு பெட்டியில் இடியப்பமும் கிழங்குக் கறியும்; எனக்கும் பிள்ளைகளுக்கும் இன்னொன்றில் மட்டன் ரோல்ஸ். இரண்டுமே பழைய ஐஸ்கிரீம் பெட்டிகள். காலிப் பெட்டியை எறிகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

வாசலில் பைகளைச் சோதித்தவர் ஒரு பஞ்சாபிப் பெண்மணி. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரான்சில் இதே மாதிரி அமெரிக்கப் பார்க் ஒன்றைத் திறந்தபோது வைன் கிடையாது என்றவர்கள், அந்த ஊர்க்காரர் முறைத்ததும் ஊற்றிக் கொடுத்தார்கள். இங்கே வெள்ளைக்காரருக்காக மீனும் சிப்ஸும், பால் விட்ட தேநீரும் விற்கிறார்கள். நாங்கள் மட்டும் என்ன ஓசியிலா உள்ளே போகிறோம்? எங்களுக்கென்று ஒரு பருப்புக்கறி வைக்காவிட்டாலும், கொண்டுவருவதையாவது விடவேண்டாமா?

இதை அப்படியே கேட்டிருந்தால் நான் மனிதன். கோபம் வந்தால் என் ஆங்கிலம் காலை வாரிவிடும். எனவே சுருக்கமாக, எல்லாம் கோயில் பிரசாதம் என்று அடித்துவிட்டேன்.

அவர் முகமே மாறிவிட்டது. கைக்குட்டையால் தலையை மூடிக்கொண்டு, தனக்கும் கொஞ்சம் என்று இரண்டு கைகளையும் ஏந்தினார். நான் பதறிப்போய் ஒரு பெட்டியை எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, அது மற்றப் பெட்டி" என்றாள் மனைவி மெல்ல.

"எனக்குத் தெரியும். நீர் பேசாமல் நில்லும்."

மூடியைத் திறந்தேன். மட்டன் மணம் வாசலை நிறைத்தது.

அவர் கைகளை இறக்கினார். எந்தக் கோயில் என்று மட்டும் கேட்டார். நான் மூடியைத் திரும்ப அழுத்தி மூடினேன். மனைவிதான் தனக்கு விரதம் என்று உண்மையைச் சொன்னாள். இதை முதலே சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் விட்டிருப்பேனே என்றவர், இடியப்பத்தை மட்டும் உள்ளே விட்டார். ரோல்ஸை என் கையாலேயே குப்பையில் போட வைத்தார்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தா பிள்ளையளாவது சாப்பிட்டிருக்குங்கள்" என்றாள் மனைவி.

அந்தப் பார்க்கின் மேல் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை, ஆறவும் தேவையில்லை. ஆனால் எங்கள் வழக்கத்தை மதிக்கவில்லை என்று கொதித்த நான், அன்று அதை மதித்து ஏந்திய இரண்டே இரண்டு கைகளுக்கு மட்டன் ரோல்ஸை நீட்டினேன் என்பது, நியாயம் கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் முந்திக்கொண்டு ஞாபகம் வருகிறது.