வாசல்படியில் போட்ட ஊசி

என் மகளுக்கு முதல் முத்தடுப்பு ஊசி போட்டபோது அவளுக்கு மூன்று மாதம். சைகோனில், பென் தான் என்ற பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு தெருவில் குடியிருந்தோம். மாடியில் நாங்கள், கீழே ஒரு வியட்நாமியத் தையல்காரி. என் கணவர் வேலை பார்த்த ஜவுளிக்கடைக்கு அவள்தான் தைத்துக் கொடுப்பாள். அவளுக்கும் ஒரு கைக்குழந்தை. என் மகளைவிட இரண்டு வாரம் மூத்த பையன்.

ஊசி போட்ட அன்று மாலையே மகளுக்குக் காய்ச்சல். தொடை சிவந்து வீங்கி, தொட்டாலே வீல் என்று அலறினாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். மறுநாள் காலையில் படியில் நின்று, தெரிந்த அரைகுறை வியட்நாமிய மொழியில் தையல்காரியிடம் கொட்டித் தீர்த்தேன். “நல்லா இருந்த பிள்ளையக் கெடுத்துட்டாங்க. நீ உன் பையனை ஊசிக்குத் தூக்கிட்டுப் போயிராதே!” அன்று சாயங்காலமே காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. குழந்தை சிரித்து விளையாடினாள். அதையும் கீழே போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மொத்தம் மூன்று ஊசியில் இரண்டாவதற்கு அட்டையில் தேதி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, பெரியம்மை வராமல் இருக்கக் கையில் அம்மை குத்தினார்கள். நாலைந்து நாளில் குத்திய இடத்தில் கொப்புளம் எழும்பியது. உடம்பும் சுட்டது. கொப்புளத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாரியம்மன் கோயிலில் வேப்பிலை வாங்கிவரச் சொல்லி, வாசலில் செருகினேன். தாளிப்பை நிறுத்தினேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை குழந்தை வெளியே போகக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது.

“குத்துன எடத்துலதான இருக்கு? வேற எங்கயாச்சும் ஒண்ணு காட்டு பாப்பம்” என்றார் கணவர்.

“ஆத்தா வந்திருக்கையில எதிர்ப்பேச்சு பேசாதீங்க.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் நான் விட்டிருக்கவும் மாட்டேன். ஊசித் தேதி வந்தது, போனது.

அந்த நாட்களில்தான் கீழே பையன் இருமத் தொடங்கினான். விடாமல் இருமுவான்; கடைசியில் மூச்சை இழுக்கும்போது ஒரு கூவல் வரும். என் மடியில் குழந்தை அசந்து தூங்கினாலும் அந்தக் கூவலைக் கேட்டதும் அவளை இறுக்கி அணைத்துக்கொள்வேன்.

ஊசித் தேதி தவறிய நாலாம் நாள் முற்பகலில் ஒரு நர்ஸ் படியேறி வந்தார். கையில் ஊசிப் பெட்டி. தையல்காரி ஏறி வரவில்லை. பையனைத் தோளில் போட்டுக்கொண்டு தெரு ஓரமாக நின்றாள். பையனுக்கு வந்திருப்பது முத்தடுப்பு ஊசி தடுக்கிற கக்குவான் இருமல் என்றும், மாடியில் ஊசி தவறிய பிள்ளை இருக்கிறது என்று சொல்லி அவள்தான் தன்னை அழைத்துவந்தாள் என்றும் நர்ஸ் சொன்னார். நான் வாசலை மறித்துக்கொண்டு கொப்புளத்தைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“நல்லா எழும்பியிருக்கு. இப்படி எழும்பலைன்னாத்தான் மறுபடி குத்தணும்.” நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் இல்லை. “தொடையில போட்ட முதல் ஊசி உடம்புக்கு நோயை அடையாளம் காட்டும். அடுத்ததும் போட்டாத்தான் மறக்காம இருக்கும். கீழ இருமல் இருக்கும்போது தள்ளிப்போடாதீங்க.”

வேப்பிலையைக் காட்டினேன். அவர் யோசித்தார். “நான் உள்ள வரக் கூடாது, குழந்தை வெளிய வரக் கூடாது. அவ்வளவுதானே?” என்று மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் வாசலுக்கு உள்ளே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டேன். ஒரு கால் மட்டும் வாசலைத் தாண்டியது. ஆத்தா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. குழந்தைதான் கோபித்துக்கொண்டாள்.

அழுகை ஓய்ந்ததும், “அந்தப் பையனுக்கு ஏன் ஊசி போடாம விட்டாங்க?” என்று கேட்டேன்.

நர்ஸ் பெட்டியை மூடிக்கொண்டே, “யாரோ வேண்டாம்னு சொன்னாங்களாம்” என்றார்.

அந்த யாரோ நான்தான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அன்று என்மேல் எனக்கு வந்த வெறுப்பைப் போல அதற்குப் பிறகு வந்ததில்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் வியட்நாமியப் புத்தாண்டான தெத் பண்டிகை முடியும்வரை இருமினான், துரும்பாக இளைத்துப்போனான். குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள், நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்பதற்கென்றே ஒரு தூக்கில் கஞ்சியோடு கீழே இறங்கினேன். வாயெடுப்பதற்குள், தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து அவள் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தாள்.

“உள்ள வராதீங்க அக்கா, அங்கேயே வச்சிட்டுப் போங்க. உங்க பொண்ணுக்கு இன்னும் ஒரு ஊசி பாக்கி இருக்கு.”