ஜன்னலில் யாரும் நிற்கவில்லை

ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்த அவளுக்கு 'நில்லு அக்கா' என்று பட்டப்பெயர். வார்டுகளில் எடுத்ததற்கெல்லாம் ரத்த மாதிரிக் குழாயில் 'ஸ்டாட்' என்ற சிவப்புத் தாளை ஒட்டி அனுப்புவார்கள். உடனே பார் என்று அர்த்தம். டாக்டருக்குப் பசித்தாலும் ஸ்டாட்தான். எல்லாமே அவசரம் என்றால் எதை முதலில் எடுப்பது?

படிக்கிற காலத்தில் அந்த ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைக் கேட்டிருந்தாள். லத்தீனில் 'ஸ்டாட்டிம்', நிற்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. நின்ற நிலையிலேயே, உடனே. மருந்துச் சீட்டு எழுதியவர்கள் அதன் வாலை நறுக்கிவிட்டார்கள். அவள் அதையே சட்டமாக்கினாள். நிஜ அவசரம் என்றால் கொண்டுவந்தவர் ஜன்னலில் நிற்க வேண்டும். வைத்துவிட்டுப் போனால் வரிசைதான்.

"கால் கடுக்குதுக்கா," என்பாள் வார்டு ஆயா.

"அப்ப அவசரமில்ல. வச்சுட்டுப் போம்மா."

பொய் அவசரங்கள் குறைந்தன. அன்று ஜன்னலில் யாருமே இல்லை. டீயைச் சூடாகவே குடித்தாள். தட்டிலிருந்த குழாய்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். சிவப்புத் தாள். கீழே, காலையில் பிரசவத்துக்குச் சேர்த்த தங்கையின் பெயர்.

தங்கையின் கணவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, இதை யார் கொண்டுவந்தது?"

"நான்தான் அண்ணி. அவகிட்ட யாருமில்லன்னு வச்சுட்டு ஓடி வந்துட்டேன்."

"ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?"

"சிவப்புத் தாள் இருக்கே, பார்த்துருவீங்கன்னு... குழந்தை பொறந்துடுச்சு. ஆனா ரத்தப்போக்கு குறையவே இல்லங்கிறாங்க. சீக்கிரம் அண்ணி."

ரத்தம் பொருந்துகிறதா என்று பார்க்க ஆகிற நேரம் ஆகும். யார் பயந்தாலும் அது சுருங்காது. பெயரைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். முக்காலியில் உட்கார முடியவில்லை.

பொருந்திய ரத்தப் பையை அவளே தூக்கிக்கொண்டு பிரசவ அறைக்கு ஓடினாள். நர்ஸின் கை அதை வாங்கிக்கொண்டதும் கதவு மூடியது.

"லேட்டாயிடுச்சா அண்ணி?" என்றான் வெளியே நின்றிருந்த தங்கையின் கணவன்.

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது, இருவரும் திடுக்கிட்டார்கள்.

ஒருவழியாக நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "கட்டுக்குள்ள வந்துடுச்சு. கண்ணு முழிச்சுட்டாங்க. இன்னொரு பை தயாரா வையுங்க."

அவன் சுவரில் சாய்ந்து அழுதான். அவள் இன்னொரு பையைத் தயாராக்க விரைந்தாள்.

திரும்பி வந்தபோது ஜன்னலில் ஆயா விறைப்பாக நின்றிருந்தாள். "நிக்கிறேன்கா! இது நிஜமாவே அவசரம்."

"உட்காரும்மா," என்றாள். தட்டில் யாரோ வைத்துவிட்டுப் போன, சிவப்புத் தாள் ஒட்டிய குழாய்களையெல்லாம் முதலில் பொறுக்கினாள்.