தவநாயகிக்குத் தெரியாமல் போன மணவறை

மோர்டனில் தவநாயகியைத் தெரியாத கலியாண வீடு இல்லை. கணவர் பாலேந்திராவோடு ஜேர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்த புதிதில் மகள் பெரியபிள்ளையானதும் நடந்த சாமத்தியச் சடங்குக்கு அலங்காரச் சாமான்கள் வாங்கினார். அவற்றைத் தெரிந்தவர்கள் இரவல் கேட்கத் தொடங்க, அதுவே தொழிலாகிவிட்டது. வாடகைக்கு எடுத்த ஸ்டோரில் மேடையில் கழற்றிப் பூட்டும் இரண்டு மணவறைகள், தூண்கள், குத்துவிளக்குகள், பெட்டி பெட்டியாகத் துணிப்பூக்கள். வேலைக்கு இரண்டே பேர். பிரான்சிலிருந்து வந்த சிவதர்ஷன் வான் ஓட்டுவான், மணவறை பூட்டுவான். பூ வேலை இசபெல்லுடையது.

பாலேந்திராவுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தபோது தவநாயகி ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தார். அந்த மாதங்களில் ஒரு கலியாணமும் தவறவில்லை. சிவதர்ஷன் தனியாகப் பார்த்துக்கொண்டான். அதன்பிறகு ஸ்டோர்ப் பூட்டின் திறப்பும், ஓடர் எடுக்கும் போனும் அவனிடமே இருந்துவிட்டன. திருப்பிக் கேட்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

விம்பிள்டன் கோயிலில் பழக்கமான ஒரு பெண், தன் மகளின் கலியாணத்துக்குத் தவநாயகியை அழைத்திருந்தார். மண்டப வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட தம்பி நல்லாக் குறைச்சுத் தந்தவர், அக்கா. மறக்கமாட்டம்."

சிவதர்ஷன் எதைக் குறைத்தான் என்று தவநாயகிக்கு விளங்கவில்லை. சிரித்துவிட்டு உள்ளே போனார். மேடையில் அவருடைய மணவறை நின்றது. அதன் இடப்பக்க யானைச் சிலையின் தும்பிக்கை ஒருமுறை உடைந்தபோது அவரே ஒட்டியிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தார், அந்தத் தழும்பு இருந்தது. ஸ்டோரில் போர்த்து மூடிக் கிடப்பதாக அவர் நினைத்திருந்த மணவறை அது.

முன்வரிசையில் உட்கார்ந்தார். எழுந்து பின்வரிசைக்குப் போனார். பக்கத்தில் யாரோ மகனின் படிப்பைப் பற்றிச் சொல்ல, எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார். கெட்டிமேளத்துக்கு முன்னரே எழுந்து பக்கத்து நடைக்குப் போனபோது, பூப்பெட்டியோடு சிவதர்ஷன் எதிரே வந்தான். நின்றுவிட்டான்.

"இது ஆற்ற மணவறை?" என்று கேட்டார்.

"உங்கடதான், அக்கா."

"அப்ப எனக்கு ஏன் தெரியாது?"

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். சொல்லுவம் சொல்லுவம் எண்டு இருந்தனான் என்றான். எவ்வளவு காலமாக இப்படித் தன் கணக்கில் வாடகைக்கு விடுகிறான் என்று கேட்டதற்கு, அண்ணை ஆஸ்பத்திரியில் இருந்த காலந்தொட்டு என்றான். அவனிடம் கத்த வேண்டும்போல் இருந்தது. உள்ளே ஒரு பிள்ளை தாலிக்காகத் தலையைக் குனிந்துகொண்டிருந்தது.

"பிள்ளையின்ர கலியாணம் முடியட்டும். பத்திரமாக் கழட்டி ஸ்டோரில வை. நாளைக்கு நீ வரவேண்டாம்."

அவன் அப்படியே செய்தான். தவநாயகி கார் தரிப்பிடத்தில் நின்று பார்த்தார். ஒவ்வொரு தூணையும் போர்வையில் சுற்றி, ஒரு கீறலும் படாமல் வானில் அடுக்கினான். அவனை இவ்வளவு நாளும் ஏன் நம்பினார் என்பது அதைப் பார்க்கப் பார்க்க விளங்கியது. அதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

பொலிசுக்குப் போகலாம் என்றார் பாலேந்திரா. ஆனால் சிவதர்ஷனின் சம்பளத்தில் பாதியைத் தவநாயகி கணக்கில் காட்டாமல் காசாகக் கையில்தான் கொடுத்து வந்திருந்தார். ஒன்றைக் கேட்டால் மற்றதையும் கேட்பார்கள். பேசாமல் விட்டார். பேசாமல் விட்டதும் உள்ளே கிடந்து அரித்தது.

ஸ்டோரின் பூட்டை மாற்றினார். கமரா பூட்டினார். சமைத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பை நிறுத்திவிட்டுப் போனில் ஸ்டோரைப் பார்ப்பார். சொல்லாமல் போய்க் கதவைத் திறப்பார். அங்கே இசபெல் பூக்களுக்கு நடுவில் தனியாக இருப்பாள். என்ன அக்கா என்பாள். சும்மா வந்தனான் என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளைச் சுற்றி வருவார்.

ஒருநாள் வீட்டுக்குப் புறப்பட்டவளை மறித்துக் காரின் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். இசபெல் திறந்தாள். மகளின் பள்ளிக்கூடப் பையும், மரக்கறிப் பையும் கிடந்தன. மூடிவிட்டுப் போனவள் அடுத்தநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அந்தக் கிழமை முழுக்கத் தவநாயகி அவளுடைய நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பிறகு நோர்பரிக்கு அவளது வீட்டுக்கே போனார். இசபெல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். தவநாயகி மன்னிப்புக் கேட்டார்.

"அவனை நம்பினது நீங்கள். அதுக்கு என்னை ஏன் அக்கா செக் பண்ணினனீங்கள்?"

இனி நிரந்தர வேலைக்கு வரமாட்டேன் என்றாள் இசபெல். ஒவ்வொரு கலியாணத்துக்கும் தனித்தனியாகக் கேட்டால், ஏலுமென்றால் வருவாள். ஆனால் தான் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று யாரும் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. தவநாயகி ஓம் என்றார்.

மணவறைகளில் ஒன்றை விற்றுவிட்டார். சிவதர்ஷன் இப்போது சொந்தமாகத் தொழில் செய்கிறான் என்று கேள்வி. அவன் பேரை யாராவது எடுத்தால் தவநாயகி கதையை மாற்றிவிடுவார்.

சென்ற மாதம் இசபெல் தனியாக ஒரு மண்டபத்தில் பூக்கட்டினாள். தவநாயகி பூப்பெட்டிகளை இறக்கிவிட்டு, போகவும் மனமில்லாமல் வெளியே காரில் இருந்தார். இறங்கினார். கண்ணாடிக் கதவுவரை போய்த் திரும்பி வந்து ஏறினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கினார். பிறகு, இதற்குமேல் நின்றால் உள்ளே போய்விடுவோம் என்று பயந்து, காரை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்.