நன்றியுரைக்குப் பிறகு நாட்டுப்பண்

சிங்கப்பூரில் என் மகள் படிக்கும் பள்ளியில் தினமும் காலையில் அந்த நாட்டின் கீதம் பாடுவார்கள். மலாய் மொழியில் இருக்கும் அதை அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் பாடுவாள். எட்டு வயதில் ஒருநாள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். வரிசையில் பக்கத்தில் நிற்கும் பெண், "இது எங்க பாட்டு, உன் பாஸ்போர்ட் வேற" என்று சொல்லிவிட்டாளாம். "அப்போ என் பாட்டு எதும்மா?" என்று கேட்டாள்.

எனக்கு வந்ததே ரோஷம். திண்டிவனத்தில் பிறந்து விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது? "உனக்கும் ஒண்ணு இருக்குடி, உக்காரு" என்றேன். தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. எழுப்பி நிற்க வைத்துவிட்டுக் கம்பீரமாக ஆரம்பித்தேன். முதல் இரண்டு வரி வரைக்கும் என்னைவிட தேசபக்தை கிடையாது. ஊர்களும் மலைகளும் ஆறுகளும் வரும் இடத்தில் எது முன்னே, எது பின்னே என்று தெரியவில்லை. முனகிக்கொண்டே ஒரே தாவாகத் தாவிக் கடைசி வரியைப் பிடித்துவிட்டேன்.

"நடுவுல என்னம்மா சொன்ன?" என்றாள் மகள்.

கணவரைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு வருடம் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்ததாக, ஏதோ விருது வாங்கியவர் போலச் சொன்னார். சரி, விழுப்புரத்தில் என் அக்கா இருக்கிறாள், கோலியனூர் பக்கம் ஒரு பள்ளியில் இருபது வருடமாக டீச்சர். அவளுக்குத் தெரியாமலா போகும் என்று போன் போட்டேன்.

"நான் எங்கடி பாடறேன்? பசங்க பாடுதுங்க. எவன் ஆடறான், எவன் சிரிக்கிறான்னு நான் பாத்துக்கினு நிக்கிறேன்" என்றாள். "நடுவுலேர்ந்து கேட்டா எப்பிடி வரும்? நூறு பேரோட சேந்து மொதல்லேர்ந்து எடுத்தாத்தான் வரும். அடுப்புல கொழம்பு கொதிக்குது, வைக்கிறேன்."

போனில் இருக்கும் குடும்பக் குழுவில் கேட்டுப் பார்த்தேன். ஆகஸ்ட் பதினைந்து வந்தால் விடிவதற்குள் மூவர்ணத்தில் இட்லி, மூவர்ணத்தில் கோலம், மூவர்ணத்தில் பிள்ளையார் என்று போனை ரொப்பும் கூட்டம் அது. எல்லோரும் பார்த்தார்கள். ஒரு சித்தப்பா மட்டும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார்.

கடைசியில் வீடியோ பார்த்து மகளே இரண்டு நாளில் கற்றுக்கொண்டாள். அர்த்தத்தையும் படித்து எனக்கு விளக்கினாள். முப்பத்தாறு வயதில் எனக்கு அந்த ஞானம் கிடைத்தது. "என் பாட்டு, என் பாட்டு" என்று அவள் வீடெல்லாம் பாடிக்கொண்டு திரிந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் வாய் நீண்டுவிட்டது. "ஊருக்குப் போனா பாரு, எல்லாரும் எழுந்து நின்னு பாடுவாங்க. நீயும் அவங்களோட சேந்து பாடலாம்" என்று அளந்துவிட்டேன்.

டிசம்பர் விடுமுறையில் ஊருக்கு வந்தோம். அக்காவின் பள்ளியில் ஆண்டு விழா. அழைப்பிதழை மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்: வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். அந்தக் கடைசி வார்த்தைதான் அவள் பாட்டு என்றதும் முதல் வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். அந்தக் குறை தெரியாமல் இருக்க இரண்டு மணி நேரம் பேசினார். மைக் கைமாறும்போதெல்லாம், "அடுத்தது என் பாட்டாம்மா?" என்று காதைக் கடித்தாள்.

எங்கள் பக்கத்து விழாவில் நன்றியுரை சொல்பவர் தாளைப் பிரித்தால் போதும், அதுதான் உத்தரவு. பெண்கள் தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போடுவார்கள், ஆண்கள் சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் தடவுவார்கள். மைக்செட்காரருக்கும் டீ கொடுத்தவருக்கும் நன்றி சொல்லி முடிப்பதற்குள் பாதி மைதானம் காலி. நாட்டுப்பண் என்பது எங்களுக்குப் பாட்டே இல்லை, கேட் திறக்கிற சத்தம்.

அன்றும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், நான் சொன்னதில் பொய்யில்லை. கிளம்புவதற்கு ஏற்கெனவே எழுந்திருந்தார்கள். என் மகள் கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஊர், மலை, ஆறு ஒன்றையும் விடாமல் அடித்தொண்டையிலிருந்து பாடினாள். மேடையில் நாலு பிள்ளைகள், கீழே இவள் ஒருத்தி. பாட்டு முடிந்ததும், பக்கத்தில் சாவியோடு நின்றிருந்த பெரியவர் அவள் பக்கம் திரும்பினார்.

"பாப்பா இன்னாமா பாடுது! எந்த ஊரும்மா?"

நான் திண்டிவனம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், "சிங்கப்பூர்" என்றாள்.

"அடேங்கப்பா! வெளிநாட்டுப் புள்ள, நம்ம பாட்டக்கூட இன்னா சூப்பரா கத்துக்கினு வந்திருக்குது பாருங்க!" மனதாரத்தான் பாராட்டினார். கன்னத்தைக் கிள்ளிவிட்டு வண்டியை எடுக்கப் போய்விட்டார்.

மகளின் முகம் சுருங்கிவிட்டது. அங்கே ஒருத்தி சண்டை போட்டுப் பிடுங்கியதை, இங்கே இவர் கொஞ்சியே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

"அவர் பாடவே இல்லையேம்மா. அப்புறம் எப்படி அது அவரோட பாட்டு?"

அந்த மனிதரை நாலு வார்த்தை திட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன். என் இடது கால் இன்னும் நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.