துபாய்ல ஆடிப்பட்டம்

காலங்காத்தால அஜ்மான் லேபர் கேம்புல பஸ் ஏறி, துபாய் தாண்டி ஹைவே ஓரத்துல எறங்கி, நான் மொதல்ல பாக்குற வேலை என்ன தெரியுமா? சீமைக்கருவேல மரத்துக்குத் தண்ணி வருதான்னு பாக்குறது. சிரிக்காதீங்க. ஒவ்வொரு மரத்துக்கும் தனியா கறுப்பு டியூப் போட்டு, சொட்டுச் சொட்டா தண்ணி விடுறோம். எல வாடுனா சூப்பர்வைசர் நம்மள மொறைப்பாரு. பரமக்குடிப் பக்கம் எங்கப்பா இதே மரத்தை வேரோட தோண்டித் தோண்டியே முதுகு வளைஞ்சவரு. ஃபோன்ல என்ன வேலைன்னு கேட்டாரு. தோட்ட வேலைப்பான்னேன். என்ன மரம்னு சொல்லல. சொன்னா அடுத்த பிளைட்டுல வந்து வெட்டிட்டுத்தான் போவாரு.

எங்கூட குழி வெட்டுனவரு செல்லையா அண்ணன். மன்னார்குடிப் பக்கம், அம்பது வயசுக்கிட்ட இருக்கும். ஆத்துத் தண்ணியில பயிர் வச்சவய்ங்களுக்குன்னே ஒரு திமிரு உண்டு பாருங்க, விவசாயத்தையே அவய்ங்கதான் கண்டுபுடிச்ச மாதிரி. "ஒங்க ஊர்லயும் மண்ணு இருக்காடா, நான் வெறும் பொட்டல்னுல்ல நெனச்சேன்"ம்பாரு. அந்த வெயில்ல ரெண்டு தடவ குழிக்குள்ளயே மயங்கி விழுந்துட்டாரு. மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கிட்டிருந்த காலம் அது. ஒரு ஆளு விழுந்தா அடுத்த ஆளு பஸ்ல வந்து நிப்பான். இன்னொரு தடவ விழுந்தா விசா கேன்சல், ஊருக்குப் போன்னுட்டான் ஃபோர்மேன். தப்பிக்க ஒரே வழி கம்பெனி நர்சரி. பச்சை வலை கட்டுன நெழல்ல நாத்து வளக்குற வேலை. நர்சரியப் பாத்துக்கிட்ட ஆஸ்திரேலியாக்கார இன்ஜினியர், வாசல்ல ஒரு துண்டு மணலக் காட்டி, "இதுல எதையாவது வளத்துக் காட்டு, எடுத்துக்கிறேன்"னுட்டாரு.

அண்ணன்கிட்ட லீவுக்குப் போனப்ப கொண்டாந்த வெண்டை வெதை இருந்துச்சு. எப்பப் போட்டாரு? ஆடி மாசம். காலண்டரப் பாத்து, நல்ல நேரம் பாத்து.

"அண்ணே, தார்ல செருப்பு ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. இப்பவா?"

"ஆடியில போடாம எப்படா போடுவாங்க? கருவ வெட்டுன பயலுக்குப் பட்டம் தெரியுமா?"

"எனக்குத் தெரிய வேணாம்ணே. இது ஆடின்னு இந்த வெயிலுக்குத் தெரியணுமே."

மொளச்சுச்சு. அன்னிக்கு அண்ணன் என்னையப் பாத்த பார்வை இருக்கே, மிராசுதாரு பண்ணையாளப் பாக்குற பார்வை. அடுத்த வாரமே அத்தனையும் சட்டியில போட்ட அப்பளம் மாதிரி சுருண்டுருச்சு. போர்த் தண்ணி பட்ட எடமெல்லாம் உப்புப் பூத்து, எவளோ கோலம் போட்டுட்டுப் போன மாதிரி கெடந்துச்சு.

இன்ஜினியர் வந்து பாத்தாரு. திட்டுவாருன்னு நின்னா, சிரிக்கிறாரு. இங்கிலீஷ்லயும் ஓட்டை இந்தியிலயும் அவரு சொன்னதுல எனக்கு வெளங்குனது இவ்வளவுதான்: அவரு பாட்டன் பூட்டனையெல்லாம் சீமையிலருந்து கப்பல்ல கொண்டாந்து ஆஸ்திரேலியாவுல எறக்கி விட்டாங்களாம். முக்காவாசிப் பேரு கைதிங்க. கொண்டுவந்த கோதுமைய ஊர்ப் பழக்கத்துலயே விதைச்சிருக்காங்க. அங்க காலமே தலைகீழ், கரையோரத்து மண்ணு சத்தில்லாத மணலு. வெளஞ்சது மறு வெதைக்கே பத்தல. கப்பல்ல மாவு வந்தாத்தான் சோறு. உள்ள தள்ளிப் போயி ஆத்தோரத்துல நல்ல மண்ணப் புடிச்ச பொறவுதான் வயிறு நெறைஞ்சிருக்கு.

நம்மள இங்க கூட்டிவந்து விசா குடுக்குற அரபிய கஃபீல்னு சொல்லுவோம். "சார், அவங்களுக்கு யாரு கஃபீல்?"னு கேட்டேன்.

"கிங்."

"கோவம் வந்தா கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்புவாரா?"

"நோ, நோ. தண்டனை முடியாம ஊருக்குத் திரும்பிப் போனாத்தான் தூக்கு."

எங்க கேம்பு மேல எனக்கு ஒரு மரியாதையே வந்துருச்சு.

அக்டோபர்ல இன்னொரு தடவ போடு, அதான் கடைசின்னுட்டுப் போயிட்டாரு. அதை அண்ணனுக்கு நான் தமிழாக்கிச் சொன்னேன்: ஐப்பசி.

"ஐப்பசியா? அடமழையில வெதை அழுகிப் போயிடும்டா."

"எந்த மழைண்ணே?"

அண்ணன் வானத்தைப் பாத்தாரு. ஒரு பிளேன் போச்சு.

"ஊர்ல தெரிஞ்சா காறித் துப்புவானுவடா."

"ஊருக்கு அனுப்பிட்டா நேர்லயே துப்புவாய்ங்க. எது வசதி?"

அப்புறம் ஐப்பசியில, எவன் வீட்டுக் கோழியவோ புடிக்கப் போறவன் மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துக்கிட்டு, மிச்ச வெதையப் போட்டாரு. கேம்புல மிஞ்சுன நல்ல தண்ணியத்தான் ஊத்துனாரு. வந்துச்சு. இடுப்பு ஒசரம் வந்து, பூத்து, காயும் வச்சுச்சு. அண்ணனுக்கு வலைக்குள்ள எடம் கெடைச்சுருச்சு. அங்க வளக்கச் சொன்னது பெட்டூனியா, ரவுண்டானாவுல வைக்கிற பூ. திங்கவும் முடியாது, கோத்துத் தலையில வைக்கவும் முடியாது. கும்பகோணத்து வெத்தலைக்குக் குடுக்குற மரியாதையோட அதுக்குத் தண்ணி தெளிக்கிறாரு.

கார்த்திகை கடைசியில ஒரு வெள்ளிக்கெழமை அவரப் பாக்கப் போனேன். வலை ஓரமா நின்னு ஊருக்கு ஃபோன் பேசிக்கிட்டிருந்தாரு. ஸ்பீக்கர்ல அண்ணி கொரலும், அதுக்குப் பின்னால மழைச் சத்தமும்.

"வெண்டை காய்ச்சுத் தொங்குதுடி."

"எப்பங்க போட்டீங்க?"

அண்ணன் என்னைய ஒரு பார்வை பாத்தாரு. "ஆடியிலதான்."

"ஆடியில போட்டது இப்பவா காய்க்குது? அங்க மழையெல்லாம் உண்டா?"

"ஏன் இல்லாம? பேயுது பாரு"ன்னு, பெட்டூனியாவுக்குத் தண்ணி தெளிச்சுச் சுத்திக்கிட்டிருந்த ஸ்பிரிங்க்ளர் பக்கம் ஃபோனை நீட்டுனாரு. "கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. ஏங்க, நனையாதீங்க. மொதல்ல தலையத் தொடைங்க."

அண்ணன் தோள்ல கெடந்த துண்ட எடுத்து, காஞ்ச தலையத் தொடைச்சாரு.