சொக்ஸ் போட ஏலுமோ?

காலை எட்டு மணியானதும் டொக்டரின் நம்பரை அழுத்துவேன். ஒரு நிமிடம் பிந்தினாலும் வரிசையில் இருபதாவது ஆள். ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் கரகரக்கும் அதே இசையைக் கேட்டபடி, யாரோ ஒருவரின் படிவத்தை நிரப்பிக்கொண்டிருப்பேன். லண்டனின் தெற்கே மிச்சம் என்ற ஊரில், ட்ராம் நிறுத்தத்துக்குக் கிட்ட, ஒரு கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகள்தான் எங்கள் அலுவலகம். டொக்டரிடம் தனியாகப் போய்த் தன் வருத்தத்தைச் சொல்ல மொழியோ துணிவோ இல்லாதவர்களோடு கூடப் போவதுதான் என் வேலை. சேர்ந்த புதிதில் அந்தப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். இப்போது ஒவ்வொன்றாகத்தான் ஏறுகிறேன். எனக்கு இருபத்தாறு வயது.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஐரோப்பாவின் வெவ்வேறு நாடுகளில் இதே வேலையைச் செய்பவர்களோடு கணினியில் கூட்டம் நடக்கும். ஒரு நாட்டில் விசாக் காகிதம் இல்லாதவரைச் சேர்க்கமாட்டார்கள், இன்னொன்றில் ஆஸ்பத்திரி மூன்று மணித்தியாலத் தூரத்தில் இருக்கும், எங்கள் நாட்டில் எல்லாம் இலவசம், ஆனால் காத்திருக்க வேண்டும். ‘எல்லா நாட்டிலும் கதவு இருக்கிறது, கைபிடிதான் வெவ்வேறு உயரத்தில்’ என்று ஒரு ஸ்லைடில் எழுதி வைத்திருந்தேன். எழுதியபோது எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அதற்கு அடுத்த ஸ்லைடில்தான் அன்ரியைப் பற்றி எழுதினேன்.

அன்ரி எனக்குச் சொந்தமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாக மிச்சத்தில் இருக்கிறவர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், அதை மாற்றினால்தான் தொடர்ந்து நின்று வேலை செய்யலாம் என்ற நிலை. மாற்றாவிட்டால் வேலை போகும். சமையலறைப் பொறுப்பாளர் அதை இரண்டு தடவை சிரித்தபடி சொல்லிவிட்டார். சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேரே போக முடியாது. அதற்கு முன்னால் ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்து, நடக்கச்சொல்லி, இருத்தி எழுப்பி, கேள்வி கேட்டு, புள்ளி போடுவார். அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் அனுப்புவதா இல்லையா என்று முடிவெடுப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். இலவசம். வேண்டாம் என்று சொன்னது நான்.

“உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வரும், அன்ரி. நீங்களே கதைச்சால் அவை உங்களை மதிப்பினம்.”

“ஊரில ஓ லெவலுக்கு இங்கிலீசில டிஸ்ரிங்ஷன் எடுத்தனான், பிள்ளை. இஞ்ச வந்து உருளைக்கிழங்கோட கதைச்சுக் கதைச்சு எல்லாம் மறந்துபோச்சு.”

மூன்று பின்னேரங்கள் அவர் வீட்டுக் குசினியில் இருந்து பழகினோம். நான் பிசியோதெரபிஸ்டாக நடித்துக் கேள்வி கேட்பேன், அவர் முழு வாக்கியத்தில் பதில் சொல்வார். பிழை வந்தால் நிறுத்தித் திருத்தினேன். பதில் என்ன என்பதை நான் கவனிக்கவில்லை. எப்படிச் சொல்கிறார் என்பதைத்தான் கவனித்தேன். சோதினைக்குப் படிப்பிப்பதுபோல. அவரும் அதைச் சோதினையாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த நாளுக்குக் கடுகு மஞ்சளில் பட்டுச்சேலை கட்டி வந்தார். பொட்டு, சங்கிலி, இழுத்து முடிந்த கொண்டை. ஊன்றுதடியை வீட்டுக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்திருந்தார்.

“தடி எங்க, அன்ரி?”

“ட்ராமில எங்கட ஆக்கள் ஆரும் கண்டால்? பிறகு பாரிசில இருக்கிற தங்கச்சிக்கு நான் வீடு போய்ச் சேர முதல் போன் போயிடும்.”

ஆஸ்பத்திரி அறைக்குள், கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பச் சொன்னார்கள். எழும்பினார். கோடுவரை நடக்கச் சொன்னார்கள். நடந்தார், திரும்பியும் வந்தார். மேலுதட்டில் வியர்த்திருந்தது. படி ஏற முடியுமா? முடியும். கடைக்குப் போய்ச் சாமான் வாங்க முடியுமா? முடியும். சொக்ஸ் நீங்களே போட முடியுமா? “யெஸ், நோ ப்ரொப்ளம்.” பிசியோதெரபிஸ்ட், என்னைவிட இரண்டு மூன்று வயது கூடிய பெண், ஒவ்வொன்றுக்கும் ‘பிரில்லியன்ற்’ என்று சொல்லிக் கணினியில் தட்டிக்கொண்டே போனாள். நானும் ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள் சரி போட்டேன். ஒரு இலக்கணப் பிழைகூட இல்லை.

வெளியே வந்து, “எப்பிடிச் செய்தனான்?” என்று கேட்டார்.

“சூப்பர், அன்ரி,” என்றேன்.

அன்று இரவே ஸ்லைடை எழுதினேன்: மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தனக்காகத் தானே பேசிய பெண்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. குசினி மேசையில் வைத்து நான்தான் வாசித்தேன். நாற்பத்தெட்டுக்கு முப்பத்தொன்பது புள்ளி. அன்றாட வேலைகளை நன்றாகச் செய்கிறார், இப்போதைக்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை, இணைத்திருக்கும் பயிற்சிகளைச் செய்யவும்.

“முப்பத்தொன்பது நல்ல மார்க்தானே?” என்றார் முதலில். பிறகு கடிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். “அப்ப ஒப்பறேஷன்?”

இணைத்திருந்த பயிற்சித் தாளைப் புரட்டினேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது. மறுபரிசீலனை கேட்டுக் கடிதம். அது கிடைக்கவில்லை என்று பதில். திரும்பக் கடிதம். வேறு பிரிவுக்கு அனுப்பச் சொல்லிப் பதில். எட்டு மணி இசை. இதற்கிடையில் அன்ரியை அடுப்படியிலிருந்து எடுத்து மேசை துடைக்க விட்டார்கள், பிறகு அதையும் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலமாக்கினார்கள். தங்கச்சி பாரிசிலிருந்து ஞாயிறுக்கு ஞாயிறு ஃபோன் எடுத்து, தன் பக்கத்து வீட்டுக்காரிக்கு இரண்டு மாதத்தில் இடுப்பு மூட்டை மாற்றிவிட்டார்கள், லண்டனில் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. ஸ்லைடை அழித்தேன். கூட்டத்தில் என் முறை வந்தபோது, இந்தமுறை சொல்ல ஒன்றுமில்லை என்றேன். வார்சாவிலிருந்து பேசும் பெண் மட்டும் தலையாட்டினாள்.

இரண்டாவது தடவை பார்க்க ஒப்புக்கொண்டு நாள் தந்தபோது எட்டு மாதம் போயிருந்தது.

அதற்கு முதல் நாள் அன்ரி வீட்டுக்குப் போனேன். “நாளைக்கு உள்ளதைச் சொல்லவேணும், அன்ரி. ஏலாததை ஏலாது எண்டு சொல்லுங்கோ.”

“பெயில் விடச் சொல்லுறீரோ?”

“ஓம்.”

“நான் பொய் சொல்லமாட்டன், பிள்ளை. ஏலும் எண்டால் ஏலும்தான்.”

“சொக்ஸ் போட ஏலுமோ?”

“ஏலும்.”

“எங்க, போட்டுக் காட்டுங்கோ பாப்பம்.”

அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறையைத் திறந்து ஒரு அகப்பையை எடுத்தார். நீளமான மரக் காம்பு. அதன் நுனியில் உடுப்புக் கொளுவும் கம்பியை வளைத்து, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. அறைக்குப் போய்க் கட்டிலில் இருந்துகொண்டு, சொக்ஸின் வாயை அந்தக் கம்பியில் கொளுவி, காலை நிலத்தில் அரக்கி அரக்கி உள்ளே விட்டு, மெல்ல இழுத்தார். இடையில் மூன்று தரம் நிறுத்தி, கண்ணை மூடித் திறந்தார். ஒரு காலுக்கு ஆறு நிமிடம். என் ஃபோனில் பார்த்தேன்.

“என்ர கண்டுபிடிப்பு,” என்றார். “ஊரில மாங்காய் பிடுங்கிற கொக்கத்தடி மாதிரி. என்ன பாக்கிறீர்? போட்டாச்சுத்தானே?”

மூன்று பின்னேரம் அதே வீட்டில் இருந்து அவருக்கு வாக்கியம் திருத்தியிருக்கிறேன். அந்த இழுப்பறைக்கு நேர் எதிரே இருந்திருக்கிறேன்.

“இதை நாளைக்குக் கொண்டுவாங்கோ,” என்றேன்.

“ஆஸ்பத்திரிக்கு அகப்பையோ? விசரே உமக்கு?”

மறுநாள் சாதாரணச் சேலையில் வந்தார். கையில் ஊன்றுதடி இல்லை. கைப்பை மட்டும் வழக்கத்தைவிடப் பெரிது. இந்தமுறை மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அன்ரி அவரை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு இங்கிலீசிலேயே பேசினார். அதே பிசியோதெரபிஸ்ட். நோயாளிக்குப் பதிலாக நான் பதில் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. சுவரோரக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். எழும்ப முடியுமா? முடியும். நடக்க முடியுமா? முடியும்.

சொக்ஸ் நீங்களே போட முடியுமா?

“யெஸ்,” என்றார் அன்ரி. என் பக்கம் திரும்பவில்லை. “ஷால் ஐ ஷோ யூ?”

கைப்பையைத் திறந்து, துவாயில் சுற்றிய அகப்பையை எடுத்து மடியில் வைத்தார். சொக்ஸ் கொண்டுவர மறந்துவிட்டார் போல. பிசியோதெரபிஸ்ட் ஆஸ்பத்திரிச் சொக்ஸ் ஒரு சோடி எடுத்துக் கொடுத்தாள். அவர் செய்முறை விளக்கம் கொடுக்கும் ஆசிரியர்போல ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்தார். இப்படிக் கொளுவ வேண்டும். இப்படி அரக்க வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், நோவு போகும்வரை. பிசியோதெரபிஸ்ட் தட்டுவதை நிறுத்தியிருந்தாள். ஒரு கால் முடிந்து மற்றதைத் தொடங்கியபோது, போதும் என்று கையைத் தொட்டாள். பிறகு திரையில் முதல் கேள்விக்குத் திரும்பிப் போய், இம்முறை வேறு மாதிரிக் கேட்டாள். எப்படி எழும்புகிறீர்கள்? எங்கே பிடித்துக்கொள்கிறீர்கள்? எத்தனை தரம் நிற்பீர்கள்? அன்ரி எல்லாவற்றையும் காட்டினார்.

பதினாலு புள்ளி. நிபுணரின் பட்டியலில் சேர்ப்பதாகச் சொன்னாள். எவ்வளவு காலம் என்று நான் கேட்டேன். ஒரு வருடத்துக்குக் கிட்ட, கூடவும் ஆகலாம் என்றாள். அவளும் களைத்துப்போய்த்தான் இருந்தாள். வெளியே இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள்.

ட்ராமில் அன்ரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். “சீவியத்தில இவ்வளவு குறைய மார்க் எடுத்ததில்லை,” என்றார் பிறகு.

“அதுதான் வேணும், அன்ரி.”

“அதுதான் எரியுது.”

ஃபோன் அடித்தது. தங்கச்சி.

“ஓம், லிஸ்ற்றில போடீனமாம்... ஒரு வருசம். அங்க ரெண்டு மாசம் எண்டு எனக்குத் தெரியும், நீ ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுறாய்... மார்க்கோ?” என்னைக் கடைக்கண்ணால் பார்த்தார். “அது வெளியில சொல்லேலாது. கொன்ஃபிடென்ஷல்.”

இறங்கும்போதுதான் கவனித்தேன். ஒரு காலில் மட்டும் ஆஸ்பத்திரிச் சொக்ஸ், மற்றக் கால் செருப்புக்குள் வெறுமனே.

“மற்றதைப் போடாமலே வந்திட்டீங்கள், அன்ரி.”

“வீட்டை போய் ஆறுதலாப் போடுறன். இனி என்ன அவசரம்?”

கைப்பையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் நீட்டினார். இதுவரை ஒருநாளும் தந்ததில்லை. வாங்கிக்கொண்டேன். அகப்பைக் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மெதுவாக நடந்தோம்.