துரை வீட்டுக் கல்லறையில் என் மகள்

உலகப்போர் நடந்துகொண்டிருந்த வருடங்கள். கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே, மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் கணவருக்கு ஆபீஸ் வேலை. உத்தமபாளையத்து வெயிலில் வளர்ந்த எனக்கு அந்தக் குளிர் லேசில் பிடிக்கவில்லை. பிடித்த பிறகோ, விட மனசில்லை.

தோட்டம் ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தம். பங்களாவுக்குப் பின்னால் கல்சுவர் எழுப்பி, தங்கள் குடும்பத்துக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் வைத்திருந்தார்கள். வயதான துரைசாணி தினமும் அங்கே போய்க் களை பிடுங்குவார்; கல்லோடு பேசுவார். கிழவிக்குப் பொழுது போகவில்லை என்று நான் கேலி செய்வேன்.

ஒரு ஐப்பசி அடைமழையில் என் ஆறு மாதப் பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டாள். மண் சரிந்து பாதை அடைபட்டதால் டாக்டரிடமும் போக முடியவில்லை, ஊருக்கும் கொண்டுபோக வழியில்லை. எங்கள் பக்கம் பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைப்பதுதான். அந்தக் காட்டில் எங்கே புதைத்தாலும் பன்றி தோண்டிவிடும். அவளை மடியிலிருந்து இறக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கொட்டும் மழையில் துரைசாணி வந்தார். "எங்க இடத்துல வைக்கலாம். சுவர் இருக்கு, பன்னி வராது" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து எழுப்பினார்.

"பொம்பளைக அங்கன வரக்கூடாதுங்கம்மா, எங்க வழக்கம்" என்றார் என் கணவர்.

"பெத்தவ வராம எப்படி? அவளுக்கு இடம் தெரிய வேணாமா?"

எங்கள் வழக்கமெல்லாம் அவருக்கு எங்கே புரியும்! என்னை விடாமல் கூட்டிப்போனார். உள்ளே இரண்டு சின்னக் கல்லறைகள். "என் பிள்ளைங்க" என்றார். அவற்றுக்குப் பக்கத்திலேயே என் மகளைப் படுக்க வைத்தோம். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்தே களை பிடுங்கினோம். மூடுபனி இறங்கும் அந்தச் சாயங்காலங்களுக்கு இப்போதும் மனசு ஏங்குகிறது.

பாதை சரியானதும் ஊருக்குப் போனேன். வழக்கத்தை மீறியதற்கு மாமியார் திட்டித் தீர்ப்பார் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

"நீ பார்த்தியா ஆத்தா? எனக்கு மூணு பிள்ளை போச்சு. எங்கன வச்சாகன்னு இன்னவரைக்கும் எனக்குத் தெரியாது" என்று சொல்லி அழுதார்.

துரைசாணி எனக்குச் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் புரிந்தது. இன்றைக்கும் அந்த மலையைப் பார்க்கும்போது, என் பிள்ளை எங்கே தூங்குகிறாள் என்று எனக்குத் தெரியும். என் மாமியாருக்குக் கிடைக்காத அந்த ஒரு ஆறுதலில்தான் நான் இத்தனை காலம் வாழ்ந்துவிட்டேன்.